ஒயாசிஸ், ஃப்ரீடம், ரேடியன்ஸ்: குரூஸ் கப்பலில் ‘கிளாஸ்’ என்றால் என்ன?

முதல்முறைப்பயணி:
வணக்கம். கோடை விடுமுறையில் ஃப்ளோரிடாவிலிருந்து கரீபியன் பக்கம் 7 இரவு குரூஸ் போகலாம் என்று ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாங்கள் இருவர், 10 வயதுப் பையன், கூட அப்பா அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஒரு கப்பலுக்கு ஒயாசிஸ் கிளாஸ், இன்னொன்றுக்கு ஃப்ரீடம் கிளாஸ், ஃப்ளோரிடாவின் டாம்பா துறைமுகத்திலிருந்து கிளம்புவதற்கு ரேடியன்ஸ் கிளாஸ் என்று போட்டிருக்கிறது. இது நம்ம ரயிலில் ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ் மாதிரியா? ரேடியன்ஸ் எடுத்தால் வசதி குறைவா? போதாக்குறைக்கு ‘ஸ்டார் கிளாஸ்’ என்று வேறு ஒன்று கண்ணில் பட்டது. அது தனிக் கப்பலா?

நங்கூரம்:
ரயில் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். கப்பலில் கிளாஸ் என்பது வடிவமைப்பின் பெயர். ஒரே வரைபடத்தில் கட்டிய கப்பல்கள் எல்லாம் ஒரு கிளாஸ். பெரும்பாலும் முதலில் வந்த கப்பலின் பெயரே மொத்தக் குடும்பத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். 2009-ல் ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் வந்தது. அதன் தங்கைகளான அல்யூர், ஹார்மனி, சிம்ஃபனி, வொண்டர், யுடோபியா எல்லாம் ஒயாசிஸ் கிளாஸ்.

வரிசை தெரிந்தால் விலை வித்தியாசமும் புரியும். 1990-களின் பிற்பகுதியில் விஷன் கிளாஸ்: சிறியவை, பழையவை. 1999-ல் வாயேஜர் கிளாஸ்: கப்பலின் நடுவே கடைத்தெரு மாதிரி நீளமான ராயல் ப்ராமனேட், ஐஸ் சறுக்குத் தளம், பாறை ஏறும் சுவர். 2001-ல் ரேடியன்ஸ்: நடுத்தர அளவு, எங்கு பார்த்தாலும் கண்ணாடி, கடலைப் பார்த்த லிஃப்ட். 2006-ல் ஃப்ரீடம் வந்தது. வாயேஜரை 311 மீட்டரிலிருந்து 339 மீட்டருக்கு இழுத்து நீட்டி, அலைச்சறுக்குக் குளத்தையும் சேர்த்தால் அதுதான். 2009-ன் ஒயாசிஸில் கப்பலின் நடுவையே பிளந்து, திறந்த வானத்தின் கீழ் நிஜச் செடிகளோடு ஒரு பூங்கா. 2014-ன் குவாண்டம் குளிர்ப் பிரதேசத்துக்கும் தோதாக, விளையாட்டுகளைக் கூரைக்குள் கொண்டுவந்தது. 2024-ல் ஐகான்: 2,48,663 மொத்த டன்.

அந்த ‘மொத்த டன்’ எடை இல்லை. கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் கன அளவிலிருந்து வரும் எண். அதனால்தான் அளவை ஒப்பிட அதைப் பிடிக்கிறோம்.

ஸ்டார் கிளாஸ் வேறு கதை. சூட் என்னும் பெரிய சொகுசு அறை எடுப்பவர்களுக்கு சீ, ஸ்கை, ஸ்டார் என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். உங்கள் ரயில் ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு நெருக்கமானது அதுதான். ஒயாசிஸ், குவாண்டம், ஐகான் கப்பல்களில்தான் இந்தப் படிகள். இதில் ஸ்டார் ஆஃப் த சீஸ் என்று 2025-ல் ஒரு ஐகான் கிளாஸ் கப்பலும் வந்துவிட்டது. பெயர் வைத்தவர்கள் யாரையும் நிம்மதியாக இருக்க விடுவதாக இல்லை.

மேல்தளம்9:
நங்கூரம் சொன்னது சரி. ஆனால் கிளாஸ் பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். கடைசியாகப் பெரிய புதுப்பிப்பு எந்த ஆண்டு நடந்தது என்று கப்பல்வாரியாகப் பாருங்கள். ஒயாசிஸும் அல்யூரும் முதலில் வந்தபோது பெரிய நீர்ச்சறுக்குக் குழாய்கள் இல்லை. ஹார்மனி அவற்றோடு பிறந்தது. ஒயாசிஸுக்கு 2019-ல் வந்தன, அல்யூர் 2025 வரை காத்திருந்தது. விஷன் கிளாஸைச் சேர்ந்த என்சான்ட்மென்ட்டை 2005-ல் நடுவில் வெட்டி 22 மீட்டர் துண்டு ஒன்றைச் சேர்த்து ஒட்டினார்கள். குடும்பம் ஒன்றுதான், நீளம் வேறு.

‘பெரிய கப்பல் என்றால் கூட்டம் நெரியும்’ என்ற பயத்துக்கு ஒரு கணக்கு. மொத்த டன்னை, அறைக்கு இருவர் என்ற கொள்ளளவால் வகுங்கள். ஐகான்: 2,48,663 ÷ 5,610 = ஏறக்குறைய 44. ஒயாசிஸும் ரேடியன்ஸும் 42-ஐ ஒட்டி வரும். ஆக, தலைக்கு இவ்வளவு இடம் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. உங்களுக்குச் சிக்கல் மாதத்தில்தான். பள்ளி விடுமுறையில் அறைகளின் மூன்றாம், நான்காம் படுக்கையும் நிரம்பும். ஐகானில் உச்சக் கொள்ளளவு 7,600. அப்போது அதே கணக்கு 33-க்கு இறங்கிவிடும்.

ஒயாசிஸ் கிளாஸில் ‘பால்கனி’ என்று மலிவாகத் தெரிந்தால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சென்ட்ரல் பார்க் பால்கனியில் கீழே பூங்காவும் எதிரே அடுத்தவர் பால்கனியும்தான் தெரியும், கடல் தெரியாது.

பாய்மரம்:
இருவரும் கப்பலிலிருந்து தொடங்கிவிட்டீர்கள். நான் துறைமுகத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். டாம்பாவிலிருந்து ஏன் ரேடியன்ஸ் மாதிரிச் சின்னக் கப்பல்கள் போகின்றன தெரியுமா? கடலுக்குப் போகும் வழியில் சன்ஷைன் ஸ்கைவே பாலம் நிற்கிறது. அதன் அடியில் சுமார் 55 மீட்டர்தான் இடைவெளி. ஒயாசிஸ் நீர்மட்டத்துக்கு மேல் 72 மீட்டர். வசதிக் குறைவால் அந்தக் கப்பலைப் போடவில்லை, பாலம் விடாது!

அம்மாவின் முழங்காலுக்காக ஒன்று. கிராண்ட் கேமன் தீவின் ஜார்ஜ் டவுனில் குரூஸ் கப்பல் அணையும் மேடை கிடையாது. நங்கூரம் போட்டு, டெண்டர் என்னும் சிறு படகில் கரைக்குக் கூட்டிப்போவார்கள். படகும் கப்பலும் அலையில் ஏறி இறங்கும்போது அந்த இடைவெளியைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும். காற்று கூடினால் அந்த நிறுத்தமே ரத்தாகும். கோஸுமெல், நசாவ் போன்ற இடங்களில் கப்பலிலிருந்து நேராக மேடையில் நடந்து இறங்கலாம். பயணத் திட்டத்தில் ‘டெண்டர்’ என்ற சொல் இருக்கிறதா என்று ஊர் ஊராகப் பாருங்கள்.

இன்னொன்று, ஒயாசிஸ் 361 மீட்டர் நீளம். லிஃப்ட் தொகுதிகள் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் அறை எடுத்தால் சாப்பாட்டுக்குப் போய்வருவதே நடைப்பயிற்சி ஆகிவிடும். அம்மாவுக்கு லிஃப்டுக்குப் பக்கத்து அறை வேண்டும்; ஆனால் லிஃப்டுக்கு நேர் எதிரே வேண்டாம், சத்தம்.

முதல்முறைப்பயணி:
இவ்வளவு விவரத்துக்கு நன்றி. ஃப்ரீடம் பக்கம் சாய்கிறோம். ஐந்து பேருக்கு ஒரே அறை கிடைக்குமா? ‘கேரண்டி’ என்று போட்ட அறை விலை குறைவாக இருக்கிறதே, எடுக்கலாமா? தலைசுற்றல் வேறு பயமாக இருக்கிறது.

நங்கூரம்:
ஐந்து பேருக்கான அறைகள் சொற்பம், விலையும் அதிகம். இரண்டு அறையாகப் போடுங்கள். இடைக்கதவு உள்ள அறைகள் வசதிதான், இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்துவிடுங்கள். பையனுக்குச் சோபா படுக்கையோ, மேலிருந்து மடித்து இறக்கும் படுக்கையோ வரும். ஏணி ஏற வேண்டியது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில நேரம் படுக்கை காலியாக இருந்தும் மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது என்பார்கள். அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகில் இடம் தீர்ந்திருக்கும்.

கேரண்டி உங்களுக்கு ஆகாது. அறையின் வகைக்குத்தான் உறுதி; எண்ணை அவர்களே பிறகு ஒதுக்குவார்கள். நீங்கள் முன்னாலும் பெற்றோர் பின்னாலும் போய் விழ வாய்ப்பு உண்டு.

மேல்தளம்9:
தலைசுற்றலுக்கு: நடுப்பகுதி, கீழ்த்தளம். நீருக்கடியில் கப்பலின் இருபுறமும் நீளும் துடுப்பு நிலைப்படுத்திகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதைத் தடுக்காது. அது முகப்பு, பின்முனை அறைகளில்தான் அதிகம் தெரியும். தலைசுற்றல் மாத்திரையைச் சுற்றல் வந்தபிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை, முன்கூட்டியே போட வேண்டும். பெற்றோர் வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளோடு ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம், கப்பல் வழி மாற்றினால் துறைமுகங்களும் மாறும். தரையிறங்கிச் சுற்றிப்பார்க்கும் ஏற்பாட்டை வெளி ஆளிடம் செய்தால், கப்பல் வராவிட்டால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.