கால்வாய் ஓரத்தில் 520 வீடுகள்: எதிர்ப்பு மனுவில் ஏன் கையெழுத்துப் போடவில்லை?

கால்வாய்த் தெரு வாசி:

மேடவாக்கத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே, ஏரியின் உபரி நீரைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோகும் கால்வாயின் கரையில் எங்கள் தெரு இருக்கிறது. எதிர்க்கரையில் 5 ஏக்கர். அதில் 14 மாடிக் கோபுரங்கள் நான்கு, மொத்தம் 520 வீடுகள் என்று தகரத் தடுப்பில் பலகை வைத்திருக்கிறார்கள். மூன்று வாரமாக இரவெல்லாம் லாரிகள் மண் கொட்டுகின்றன. அந்தத் தரை இப்போதே எங்கள் வாசலைவிட இடுப்பளவு உயர்ந்துவிட்டது. ஐந்து அடி வரை நிரப்பப்போவதாக மேற்பார்வையாளரே சொன்னார்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாளில், எங்கள் கூடத்தில் மூன்றரை அடித் தண்ணீர் நின்றது. மாமியாரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப் போனோம். சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். அன்றைக்கு அந்த 5 ஏக்கரும் பள்ளமாகக் கிடந்தது. அதனால்தான் மூன்றரை அடியோடு தப்பித்தோம். இந்தக் கட்டடத்தை எதிர்த்து நாங்கள் எழுதிய மனுவில் பாதித் தெருதான் கையெழுத்துப் போட்டிருக்கிறது. போடாதவர்கள் காரணத்தை இங்கே சொல்லுங்கள்.

கட்டடப் பொறியாளர்:

நான் போடவில்லை. அந்த நிறுவனத்துக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பட்டா நிலம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் உயரமான அடுக்குமாடிக்குத் தளப்பரப்புக் குறியீடு 3.25, அதாவது எல்லா மாடிகளின் பரப்பும் சேர்ந்து நிலப் பரப்பைப்போல 3.25 மடங்கு வரை இருக்கலாம். அந்த வரம்புக்குள்தான் கட்டுகிறார்கள். ஆளுக்கு அரை கிரவுண்டு என்று வைத்தால்கூட 520 தனி வீடுகளுக்குச் சாலை நீங்கலாக 14 ஏக்கர் வேண்டும். அந்த 14 ஏக்கரை எந்த வயலில் எடுப்பது?

நம் தெருவையும் கொஞ்சம் பாருங்கள். இது நன்செய் நிலம். நாம் எல்லோரும் மண் அடித்துத்தான் கடைக்கால் எடுத்தோம். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து கால்வாய்க்கு இரவோடு இரவாகக் குழாய் விட்ட வீடுகள் எவை என்பது நமக்கே தெரியும். நாம் கட்டி முடித்த பிறகு மற்றவர்கள் வரக்கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏரிப் பாசனக்காரர் மகன்:

தம்பி, பட்டா இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் வழி மாறிப் போகாது. அந்தப் பள்ளத்தை எங்கள் அப்பா காலத்தில் தாங்கல், அதாவது தண்ணீர் தேங்கும் சிறு நீர்நிலை, என்றுதான் சொல்வார்கள். ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் தண்ணீர் கால்வாயில் இறங்கும், அங்கிருந்து கழுவேலிக்குப் போகும். சதுப்பு நிலத்துக்கு எங்கள் வாயில் வரும் பெயர் அதுதான். பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகவேண்டும். புயல் நாளில் கடல் ஏற்றத்தில் இருக்கும், தண்ணீரை வாங்காது. மடுவில் நீர் எதிர்த்து நிற்கும், கழுவேலி தளும்பும், கால்வாயில் தண்ணீர் பின்னோக்கி ஏறும். அந்த ஒன்றிரண்டு நாள் தண்ணீர் தங்கியிருக்க ஓர் இடம் வேண்டும். நீங்கள் மண் அடிப்பது அந்த இடத்தில்தான்.

5 ஏக்கரை ஐந்து அடி நிரப்பினால் ஏறத்தாழ 11 லட்சம் கன அடி. லிட்டரில் 3 கோடிக்கு மேல். இந்த 3 கோடி லிட்டர் அடுத்த மழையில் எந்த வீட்டுக்குள் போகும்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மாடிக் கணக்குக்கு வாருங்கள்.

வாடகைக் குடித்தனக்காரர்:

எனக்கு இந்தத் தெருவில் சொந்தச் செங்கல் ஒன்றுகூட இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை. ஏழு ஆண்டுகளில் நான்கு வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு முறையும் வாடகை கூடுகிறது, மகளுக்குப் பள்ளி மாறுகிறது. மனு போடும் வீட்டுக்காரர்களில் ஒருவர்தான் போன மாதம் எனக்கு மூவாயிரம் ஏற்றினார். வீடுகள் குறைவாக இருப்பதால்தான் ஏற்ற முடிகிறது. இந்த 520 வீடுகளில் ஒன்று எனக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் அங்கே போகிறவர் காலி செய்யும் வீடு என்னைப் போன்ற ஒருவருக்குக் கிடைக்கும். தண்ணீர் வந்த நாளில் நாங்களும் தரைத்தளத்தில்தான் இருந்தோம், எங்களைத் தூக்கிவைக்க மாடி இல்லை. இருந்தும் சொல்கிறேன், வீடு வேண்டும்.

பெரும்பாக்கம் குடியிருப்புப் பெண்:

நாங்கள் அடையாற்றின் கரையில் இருந்தவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லி எங்களை வாரியக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். இங்கே வந்து பார்த்தால் சதுப்பு நிலத்தின் ஓரம். 2023இல் இங்கேயும் தண்ணீர் சூழ்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களை இங்கே கொண்டுவந்து அடுக்கியபோது இந்தத் தெருவிலிருந்து ஒரு மனுவும் வந்ததாக எனக்கு நினைவில்லை. இப்போது கையெழுத்துக் கேட்கிறீர்கள். போடுகிறேன், ஏனென்றால் உங்கள் கால்வாய் முட்டினால் எங்கள் பக்கமும் ஏறும். ஆனால் இதையும் மனுவில் எழுதுங்கள்.

கால்வாய்த் தெரு வாசி:

எழுதுகிறேன் அம்மா. அப்போது நாங்கள் வாய் திறக்காதது தவறு.

பொறியாளர் சார், குழாய் விட்டது பற்றிச் சொன்னீர்கள். எங்கள் வீட்டிலும் இருந்தது, சென்ற ஆண்டு அடைத்துவிட்டேன். ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறதே. 520 குடும்பம், வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று நீங்கள் பயன்படுத்தும் அதே கணக்கில், நாளுக்கு 2,80,000 லிட்டர் தண்ணீர். நம் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. சுத்திகரித்தது போக மிஞ்சுவது கால்வாயில்தானே விழும்?

எனக்கு வயிறு எரிவது வேறு ஒன்றுக்காக. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் முன் அனுமதி வாங்கவேண்டும் என்று 2006 அறிவிக்கை சொல்கிறது. அதே அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புத் தேவையில்லை என்று விலக்கும் தருகிறது. நாற்பதடி தூரத்தில் குடியிருக்கும் என்னிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. தகரப் பலகையைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டடப் பொறியாளர்:

கருத்துக் கேட்பு வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் சதுப்பு நிலத்துக்கு எல்லை உண்டு. 2022இல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலம் என்ற தகுதி, பெற்ற 1,247 ஹெக்டேர். 2025இல் பசுமைத் தீர்ப்பாயம் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் புதிய அனுமதிகளை நிறுத்தி வைத்தது. இந்த நிலம் அதற்கு வெளியே இருக்கிறது. எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டுத்தானே ஆகவேண்டும்?

ஏரிப் பாசனக்காரர் மகன்:

கோட்டை வட்டமாகப் போட்டால் தவறுதான். கழுவேலிக்குத் தண்ணீர் கால்வாய் வழியாக வருகிறது. கலங்கலிலிருந்து மடுவு வரை, வரும் வழி நெடுகக் கோடு போடவேண்டும். 3 கோடி லிட்டருக்கு இன்னும் பதில் வரவில்லை.

கட்டடப் பொறியாளர்:

அந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். சரிதான். பலகையில் சொல்லும் மழைநீர்த் தொட்டி, அந்த வளாகத்தில் விழும் மழையைத்தான் பிடிக்கும். 20 சென்டிமீட்டர் மழை பெய்தால் 5 ஏக்கரில் 40 லட்சம் லிட்டர், அதற்கு ஒருவேளை போதும். பள்ளத்தில் வந்து நிற்க வேண்டிய வெளித் தண்ணீருக்கு அதில் இடமில்லை. கொட்டிய மண்ணை அள்ளிவிட்டு, தூண்களின்மேல் முதல் தளத்தை எழுப்பி, கீழே தண்ணீர் வந்து போகவிடலாம். செலவு கூடும், கார் நிறுத்த இடம் குறையும். இதைச் செய்தால் 14 மாடியில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கால்வாய்த் தெரு வாசி:

எனக்கு இருக்கிறது. மண்ணை அள்ளினாலும் 2,80,000 லிட்டர் அப்படியேதான் இருக்கும். ஐந்து மாடி என்றால் நான் தெருவில் இறங்க மாட்டேன்.

வாடகைக் குடித்தனக்காரர்:

ஐந்து மாடி என்றால் வீட்டு விலை இன்னும் ஏறும். வாங்கப்போவது என்னைப் போன்றவர் அல்லர். மண் விஷயத்தில் மட்டும் மனு என்றால் என் கையெழுத்தும் உண்டு. மாடியைக் குறைக்கச் சொல்லும் மனுவில் போடமாட்டேன்.

கட்டடப் பொறியாளர்:

எனக்கும் அதே நிலைதான். ஞாயிறு காலை 7 மணிக்கு மட்டம் பார்க்கும் கருவியோடு வருகிறேன் அம்மா. உங்கள் சுவரில் விட்டுவைத்த கறையிலிருந்து எதிர்க்கரை மண்ணின் உயரத்தை அளந்து கொடுக்கிறேன். மனுவில் அந்த அளவு இருக்கட்டும். பெரியவர் தாங்கலின் பழைய எல்லையைக் காட்ட வந்தால் நல்லது.

ஏரிப் பாசனக்காரர் மகன்:

வருகிறேன். லாரிக்காரர்கள் ஆறரைக்குப் போய்விடுவார்கள், ஆறு மணிக்கே வாருங்கள்.