காயடிப்பு இல்லாமல் ஒரு பெயர் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். புராஸ்டேட் புற்றுநோய்க்கான மருந்தாய்வு ஒன்றில் சேர வருகிறவர்களுக்குக் கொடுக்கும் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கும் வேலை. பங்கேற்பவருக்குப் புரிகிற மொழியில் படிவம் இருக்கவேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள் சொல்கின்றன. அதனால் இதில் மழுப்ப முடியாது.

இடறுகிற சொல் 'காஸ்ட்ரேஷன் ரெசிஸ்டன்ட்', அதாவது காயடிப்புக்கு மசியாதது. படிவத்தின் முதல் பத்தியிலேயே வருகிறது. நான் 'ஆண்மைநீக்க எதிர்ப்புப் புற்று' என்று எழுதி அனுப்பினேன். வழக்கம்போல அதை இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்துக்குத் திருப்பினார். திரும்பி வந்ததன் பொருள்: ஆண்மையை நீக்குவதை எதிர்த்துப் போராடும் புற்றுநோய். ஏதோ சங்கம் வைத்துக் கொடி பிடிப்பதுபோல. படித்துவிட்டுச் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோபியிலிருந்து மாமா வந்திருந்தார். 72 வயது. அவருக்கும் இதே நோய்தான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறார். படித்துப் பாருங்கள் மாமா என்று தாளை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே நகர்த்தி நகர்த்தி வாசித்தவர், அந்தச் சொல்லில் விரலை எடுக்கவே இல்லை. "ஏம்மா, ஊசி போட்டாப் போதும்னுதான சொன்னாங்க? இப்ப காளைக்கு அடிச்ச மாதிரி அடிக்கோணுங்கறாங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

சொல்லின் வரலாறு தெரிந்தால்தான் மாற்றுச் சொல் பிறக்கும் என்பதால் எனக்குத் தெரிந்ததை வைக்கிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் 1941-இல் ஒன்றைக் காட்டினார்கள்: பரவிவிட்ட புராஸ்டேட் புற்று உள்ளவர்களுக்கு விதைகளை அகற்றினாலோ, பெண் இயக்குநீர் (ஹார்மோன்) கொடுத்தாலோ புற்று அடங்குகிறது. அதற்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன், விதைகளில் சுரக்கிற ஆண் இயக்குநீர். தீனியை நிறுத்தினால் சுருங்குகிறது. ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெயர் அந்தக் கத்தியிலிருந்து வந்தது. பின்னால் ஊசி வந்தது. லூப்ரோலைடு அமெரிக்காவில் 1985-இல் அனுமதி பெற்றது. விதையை விட்டுவிட்டு, அதற்கு மூளையிலிருந்து போகிற ஆணையை மட்டும் நிறுத்துகிற மருந்து. கத்தி போயும் பெயர் போகவில்லை. இன்றும் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இறங்கினால், அது ஊசியால் இறங்கியதாக இருந்தாலும், 'காஸ்ட்ரேட் அளவு' என்றுதான் எழுதுகிறார்கள்.

அப்படி இறங்கிய பிறகும் பி.எஸ்.ஏ. (இந்தப் புற்றின் போக்கைக் காட்டும் இரத்த அளவு) ஏறிக்கொண்டே போனால், அல்லது எலும்பில் புதுப் புள்ளிகள் தெரிந்தால், அதுதான் நம் சொல் குறிக்கும் நிலை. இதற்கு ஒரு சொல் சொல்லுங்கள். மாமா விரல் தடுக்காமல் வாசிக்கவேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

கோவையிலிருந்து

———

அம்மா, வணக்கம்.

நான் மருத்துவன் இல்லை. வேளாண் துறையில் 31 வருடம் குப்பை கொட்டியவன். புராஸ்டேட் வீங்கியதால் இரவில் நாலு முறை எழுந்திருக்கிறவன் என்கிற முறையில் மட்டும் இந்த விவாதத்தில் தலையிட எனக்கு உரிமை உண்டு.

> அதற்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன். தீனியை நிறுத்தினால் சுருங்குகிறது.

இதைத்தான் நாங்கள் வறட்சி என்போம். தண்ணீரை நிறுத்தினால் பயிர் வாடும். சில பயிர் வாடாது. அதற்கு 'வறட்சி தாங்கும்' என்று பெயர் வைத்து விதைப் பையிலேயே அச்சடித்து விற்கிறோம். உங்கள் மாமாவுக்கும் அது தெரியும்.

ஆகவே 'இயக்குநீர் வறட்சி தாங்கும் புற்று'. ஒரு கேள்வி மட்டும். வறட்சி தாங்கும் பயிர் தண்ணீரே வேண்டாம் என்று இருப்பதில்லை. வேரை ஆழமாக விடும், மண்ணில் இருக்கிற ஈரத்தைச் சொட்டு விடாமல் உறிஞ்சும், இலையைச் சுருட்டிக்கொள்ளும். புற்றும் அப்படியா? அல்லது அதற்குத் தண்ணீர்த் தேவையே போய்விடுகிறதா? முன்னதானால் என் சொல் சரி. பின்னதானால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து

———

ஐயா, அக்கா, இருவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கிளினிக் முடிஞ்சு வந்த களைப்பிலை சுருக்கமாய்.

ஐயா கேட்ட கேள்வியிலைதான் முழு விசயமும் இருக்கு. முந்தி இதை 'ஓமோன் ரிஃப்ராக்டரி' எண்டுதான் சொன்னவை, அதாவது ஓமோன் மருத்துவத்துக்கு இனி மசியாது எண்டு. பிறகு பாத்தால் புற்று ஓமோனை விடவே இல்லை. சிறுநீரகத்துக்கு மேலை இருக்கிற சுரப்பி கொஞ்சம் ஆணோமோன் செய்யும், அதை எடுத்துக்கொள்ளும். தானே தனக்குள்ளை கொஞ்சம் செய்யும். ஓமோனைப் பிடிக்கிற வாங்கிகளையும் கூட்டிக்கொள்ளும், துளி கிடைச்சாலும் போதும் எண்டு. ஐயா சொன்ன ஆழ வேர் அப்படியே இதுதான்.

இதுக்குச் சாட்சி ஆய்வுதான். அபிராடெரோன் எண்ட மருந்து அந்தச் சொட்டு ஓமோனையும் எல்லா இடத்திலையும் அடைக்கும். டோசிடாக்செல் எண்ட கீமோ மருந்து முடிச்ச 1195 பேரை எழுமாற்றாய், சீட்டுக் குலுக்கின மாதிரிப் பிரிச்சு, ஒரு பகுதிக்கு மருந்து, மற்றதுக்கு மருந்துப்போலி. 2011-இல் வெளிவந்த முடிவு: மருந்து எடுத்த பக்கம் இடைநிலை வாழ்நாள் (பாதிப்பேர் தாண்டின காலம்) 14.8 மாதம், மற்றப் பக்கம் 10.9. ஓமோனுக்கு மசியாது எண்டு பேர் வைச்ச புற்று, மிச்ச ஓமோனை அடைச்சவுடனை அடங்குது. அடுத்த வருசம் வாங்கியை அடைக்கிற என்சலூட்டமைடும் அதையே காட்டினது, 18.4-க்கு 13.6. அதாலை பழைய பேர் பொய்யாய்ப் போச்சு.

ஐயாவின்ரை சொல்லிலை எனக்கு ஒரு தடை. 'வறட்சி தாங்கும்' எண்டது புகழ்ச்சி. நல்ல நெல்லுக்குச் சொல்லுறது. இன்னொண்டு, நோயாளிக்கு 'வறட்சி' எண்டால் வாய் காயிறது, தோல் காயிறது எண்டும் படலாம்.

பி.கு. எங்கடை ஊரிலை நாம்பனுக்கு (இளங்காளைக்கு) விதையடிக்கிறதை 'நலமடிக்கிறது' எண்டுவினம். நலம் எண்ட சொல்லை வைச்சே அந்த வேலைக்குப் பேர். தமிழுக்கு இடக்கரடக்கல் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் படிவத்துக்கு அது வேண்டாம்.

———

ஐயாவுக்கும் தங்கச்சிக்கும் நன்றி. இருவர் மடலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது சொல் தானாக வந்து விழுந்தது.

ஐயா எழுதியதில் எனக்குப் பிடித்தது 'தாங்கும்' அல்ல, போகிறபோக்கில் எழுதிய 'வாடும்', 'வாடாது' என்ற இரண்டும்தான். ஏனென்றால் படிவத்தில் எதிர்ச்சொல்லும் வருகிறது: காஸ்ட்ரேஷன் சென்சிடிவ். அதற்கு நான் 'ஆண்மைநீக்க உணர்திறன் கொண்ட' என்று எழுதியிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. இப்போது இப்படி:

வறட்சிக்கு வாடும் புற்று.
வறட்சிக்கு வாடாப் புற்று.

வாடும், வாடா. இதில் புகழ்ச்சி இல்லை. வாடாமல்லி நினைவுக்கு வருகிறது என்று வீட்டுக்காரர் சொன்னார், அவரை ஒதுக்கிவிட்டேன். வாய் காய்கிற குழப்பத்துக்கு, முதல் முறை வரும் இடத்தில் 'ஆணியக்குநீர் வறட்சி' என்று முழுதாக எழுதி, 'ஊசியாலோ அறுவையாலோ இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனை டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இறக்கிய நிலை' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இரண்டையும் பிரித்துச் சொல்வது வெறும் அழகுக்காக இல்லை. எந்த ஆய்வில் யார் சேரலாம் என்பதே இந்தப் பிரிவில்தான் நிற்கிறது. தங்கச்சி சொன்ன அதே டோசிடாக்செலை எடுத்துக்கொள்ளுங்கள். வாடாப் புற்றுக்குக் கொடுத்தபோது 2004-இல் கண்டது, பழைய மருந்தில் 16.5 மாதம் என்றிருந்த இடைநிலை வாழ்நாள் 18.9 ஆயிற்று. பரவியும் இன்னும் வாடுகிற நிலையிலேயே, வறட்சி தொடங்கும்போதே சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 790 பேர், 2015-இல் முடிவு: 44 மாதம் 57.6 ஆயிற்று. நோயின் கட்டம் வேறு, ஒப்பிட்ட சிகிச்சையும் வேறு, எண்ணுக்கு எண் வைத்துக் கழிக்கக்கூடாது என்று தெரியும். ஆனாலும் மருந்து அதேதான், கொடுத்த வேளை வேறு. காய்ந்த பிறகு விடுகிற தண்ணீருக்கும் கருக்கட்டும்போது விடுகிற தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு ஐயாவுக்குத் தெரியாததா. (உவமை தலைகீழாகிவிட்டது, இங்கே நாம் தண்ணீரை நிறுத்துகிற கட்சி. விட்டுவிடுங்கள்.)

ஒன்றில் மட்டும் யாரும் என்னை மென்மையாக்கச் சொல்லாதீர்கள். படிவத்தின் ஆறாம் பக்கத்தில், ஊசிக்குப் பதிலாக அறுவையும் செய்துகொள்ளலாம் என்று வருகிறது. காலமெல்லாம் ஊசி வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் நம் ஊரில் இன்றும் அதைத்தான் செய்துகொள்கிறார்கள். அங்கே 'வறட்சி' என்று எழுதுவது ஏமாற்று. அங்கே 'இரண்டு விதைகளையும் அகற்றும் அறுவை' என்றே எழுதியிருக்கிறேன். நோய்க்கு வைக்கிற பெயரில்தான் அந்தக் கத்தி இருக்கவேண்டாம் என்கிறேன். உண்மையாகவே கத்தி வருகிற இடத்தில் கத்தி என்று இருக்கவேண்டும், கையெழுத்துப் போடுகிறவர் அவர்தானே.

'புராஸ்டேட்' அப்படியே இருக்கட்டும். 'முன்னிற்குஞ் சுரப்பி' என்பது இலங்கையில் வழங்குகிற நல்ல சொல், கிரேக்க மூலத்துக்கும் நேரானது. ஆனால் மாமாவின் மருந்துச் சீட்டிலும் ஸ்கேன் தாளிலும் புராஸ்டேட்தான் இருக்கிறது. படிவம் வேறு பெயர் சொன்னால் இது வேறு நோய் என்று நினைத்துக்கொள்வார்.

நேற்று மாமாவுக்குப் போனில் புதுப் பத்தியை வாசித்துக் காட்டினேன். "வாடாத புற்றுன்னா, வேரு எங்கியோ ஈரம் புடிச்சிருக்குதுன்னு அர்த்தம்" என்றார் அவராகவே. அப்புறம், "அப்ப அந்த ஈரத்தைத்தான் இந்த மாத்திரை அடைக்குதாக்கும்?" என்று கேட்டார். அபிராடெரோன் பத்தியை நான் இன்னும் வாசித்திருக்கவில்லை.

படிவம் வெள்ளிக்கிழமை போகவேண்டும். 'வாடாப் புற்று' பற்றி மறுப்பு உள்ளவர்கள் வியாழன் மாலைக்குள் எழுதிவிடுங்கள். 'வறட்சிக்கு வாடா' என்பதில் 'கு' உறுத்துகிறது, 'வறட்சியில் வாடா' நல்லதா என்றும் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து