பூண்டு வேர்நுனி ஏன் வீங்குகிறது?

பூம்பாறை ஆசிரியை:
மலைப்பூண்டு வேரை, செல் பிரிதலைத் தடுக்கும் கால்சிசின் என்ற வேதிப்பொருளின் கரைசலில் வைத்தோம். நுண்ணோக்கியில், செல் பிரிதல் பாதியில் நின்று குரோமோசோம்கள் சிதறிக் கிடந்தன. அது புரிகிறது. ஆனால் வேர்நுனி குண்டாகப் பருத்தது ஏன்? மாணவிகள் விடாமல் கேட்கிறார்கள்.

கொடைக்கானல் தாவரவியலன்:
அருமையான கேள்வி, டீச்சர். செல்லுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களான நுண்குழல்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. கால்சிசின் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் நுண்குழல்கள் உருவாவதில்லை. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோலும் நுண்குழல்களால் ஆனதுதான். பிரியாவிட்டாலும் செல் நீரை உறிஞ்சிப் பெரிதாகும். வழக்கமாக, செல் சவ்வை ஒட்டிய நுண்குழல்கள் காட்டும் திசையில் செல்லுலோஸ் இழைகள் படிந்து, பீப்பாயின் இரும்புப் பட்டைபோல் இறுக்கும். செல் நீளவாக்கில் வளரும். நுண்குழல்கள் கலைந்தால் செல் பக்கவாட்டில் பருக்கும்.

ஒட்டன்சத்திரம் விவசாயி:
எங்கள் கண்வலிக்கிழங்கு விதையிலும் இந்தக் கால்சிசின்தான் இருக்கிறது. கொடிய நஞ்சு, பிள்ளைகளுக்குக் கையுறை கட்டாயம், டீச்சர்.

பூம்பாறை ஆசிரியை:
அணிந்துதான் செய்தார்கள், ஐயா. வேரைக் கழுவி நீரில் வைத்தால் பிரிதல் மீளுமா?

கொடைக்கானல் தாவரவியலன்:
மீளும். ஆனால் சில செல்களில் குரோமோசோம்கள் இரட்டிப்பாகவே நிற்கும். அவற்றை எண்ணச் சொல்லுங்கள்.