அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பா தீவிர நாத்திகர். 1970களில் செம்மலர், தாமரை இதழ்களில் கதை எழுதியவர். நான் வருடாவருடம் சபரிமலைக்கு மாலை போடுகிறவன். "என்ன சாமி, உங்க சாமி சௌக்கியமா?" என்று கிண்டலடிப்பார், ஆனால் விரதச் சமையலுக்குக் காய் வாங்கி வருவதும் அவர்தான். போன மாதம் தவறிவிட்டார். அவர் எழுதி வைத்தபடி உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம், எனக்கு மனசே இல்லாமல்.

இப்போது இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய அவருடைய கையெழுத்துப் பிரதிகள். ராமபாணப் பூச்சி அரிக்கிறது (பூச்சியின் பேரைக் கேட்டால் அப்பாவே சிரித்திருப்பார்). தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கு இப்படிக் கையெழுத்துப் பிரதிகள் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? யாரைப் பார்க்க வேண்டும்? ஸ்கேன் செய்யும்வரை பூச்சிக்கு என்ன செய்யலாம்? பாதிக் கதைகளில் கடவுளைத் திட்டித்தான் எழுதியிருக்கிறார். சரி, அதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.