போர்வெல் தண்ணீரில் பெட்ரோல் வாடை: தெருக் குழுவில் ஒரு காலை

குழு: அல்சூர் கிராஸ் குடும்பங்கள், பெங்களூர்

மீனாட்சி அக்கா: யார் வீட்டிலாவது போர் மோட்டார் போட்டதும் பெட்ரோல் வாடை வருகிறதா? எங்கள் பக்கெட்டில் மேலே கலர் கலராகப் படலம் மிதக்கிறது.

ரஹீம் பாய்: இங்கேயும் அதே கதைதான் அக்கா. காவேரிக் குழாய்த் தண்ணீர் வருகிற அன்று மட்டும்தான் நிம்மதி.

செல்வம்: முனையில் இருக்கிற பெட்ரோல் பங்க் தரப்பிலிருந்து ஒருவர் வந்து போனார். தரைக்கடியில் டேங்க் கசிந்ததாம், மாற்றிவிட்டார்களாம். இனி நம் போர்வெல்லில் ‘ஆக்சிஜன் பவுடர்’ இறக்கினால் ஆறு மாதத்தில் சுத்தமாகிவிடுமாம். செலவு அவர்களுடையது. நாம் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்.

கணேசன் சார்: பவுடரா? அடுத்து விபூதி மடித்துக் கொடுப்பார்கள்.

லதா: 🙏 காலை வணக்கம் 🙏

மீனாட்சி அக்கா: நான் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் சமைக்கிறேன். அது போதும்தானே பிரபா? நீ இந்த வேலையில்தானே இருக்கிறாய்?

பிரபா: ஐயோ அக்கா, அதை முதலில் நிறுத்துங்கள். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற நச்சு 80 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீரை விட்டுக் கிளம்பி சமையலறைக் காற்றில் கலக்கும், நீங்கள் அதை மூச்சில் இழுப்பீர்கள். கீசர் குளியலும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நம் மூக்கு அதைப் பிடிக்க மில்லிகிராம் கணக்கில் இருக்க வேண்டும். ஆகவே வாடை போய்விட்டது என்று யாரும் குடிக்க ஆரம்பிக்க வேண்டாம்.

பிரபா: கணேசன் சார், பவுடர் ஏமாற்று வேலை இல்லை. மெக்னீசியம் பெராக்சைடு அல்லது கால்சியம் பெராக்சைடு. ஈரம் பட்டதும் ஆக்சிஜனை மெதுவாக, மாதக்கணக்கில் விடும். மெக்னீசியம் வகையில் கடைசியில் மிஞ்சுவது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிறோமே, அந்த வெள்ளை மருந்தின் சரக்கு.

ராஜி: ஆக்சிஜன் போய் பெட்ரோலை என்ன செய்யும்?

பிரபா: நேராக ஒன்றும் செய்யாது. பெட்ரோலைத் தின்கிற பாக்டீரியா மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. கசிவு வந்ததும் அவை வெறியோடு தின்று பெருகும், அங்கிருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அதன்பின் வேலை மந்தமாகிவிடும். சாப்பாடு இருக்கிறது, மூச்சு இல்லை. பவுடர் கொடுப்பது அந்த மூச்சைத்தான். தின்றது கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் போகும்.

கணேசன் சார்: கம்ப்ரசர் வைத்துக் காற்று ஊதினால் ஆகாதா? தொழிற்சாலையில் எத்தனை ஓட்டியிருக்கிறேன்.

பிரபா: ஊதுகிறார்கள் சார், அதுவும் ஒரு முறை. ஆனால் கிளம்புகிற ஆவி வீடுகளுக்குள் வராமல் உறிஞ்சி எடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். அதோடு, காற்றுப் பட்ட தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். ஒரு கிலோ பென்சீனைத் தீர்க்கவே 3 கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ என்று வைத்தால் ஏறக்குறைய 2.4 கிலோ. அதைச் சுமக்க 3 லட்சம் லிட்டர் தண்ணீர்.

ரஹீம் பாய்: 6,000 லிட்டர் டேங்கரில் 50 லோடு. ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கா?!

பிரபா: ஆமாம் பாய். பவுடரிலும் இதே கணக்குதான். மெக்னீசியம் வகையில் எடையில் பத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் கிடைக்கும், ஆக லிட்டர் பெட்ரோலுக்கு 24 கிலோ பவுடர். கால்சியம் வகை கொஞ்சம் தேவலை. மண்ணில் இருக்கும் இரும்பும் தன் பங்குக்கு ஆக்சிஜனைச் சாப்பிடும்.

செல்வம்: அந்த ஆள் இரண்டு பை என்றுதான் சொன்னார்! துணி உறையில் கட்டி போருக்குள் தொங்கவிடுவாராம்.

பிரபா: உறையில் கட்டி இறக்குவது வழக்கம்தான். அது அந்தக் குழாயை ஒட்டிய தண்ணீருக்கு மட்டும் உதவும். மணல் பூமி என்றால் பவுடரைக் கூழாகக் கரைத்து, தண்ணீர் ஓடும் திசைக்குக் குறுக்கே வரிசையாகக் குழாய் இறக்கிச் செலுத்துவார்கள். நம் பெங்களூரில் மேலே சிதைந்த மண், கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் ஓடுவது வெடிப்புகளில். எண்ணெய் எந்த வெடிப்பில் புகுந்தது என்று பார்க்காமல் எங்கே கொட்டினாலும் வீண். நாம் மோட்டார் போட்டு இழுக்க இழுக்க அது நம் பக்கம்தான் வரும், அதையும் நினைவில் வையுங்கள்.

பிரபா: எல்லாவற்றுக்கும் மேல், மீனாட்சி அக்கா சொன்ன படலம். எண்ணெய் மிதக்கிறவரை பவுடருக்கு வேலையே இல்லை. கசிவு நின்றதா என்று டேங்கையும் குழாய்களையும் அழுத்தம் வைத்துச் சோதிக்க வேண்டும், மிதப்பதை உறிஞ்சி எடுக்க வேண்டும். தண்ணீரில் கரைந்து மிஞ்சுகிறது பாருங்கள், அதற்குத்தான் இந்த ஆக்சிஜன்.

ராஜி: 2013-ல் தண்டையார்பேட்டையிலும் இப்படித்தான் எண்ணெய் வந்தது. பெரியம்மா வீடு அந்தப் பக்கம். பூமிக்கடியில் போகிற எண்ணெய்க் குழாய் கசிந்து, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று.

செல்வம்: இப்போதுதான் கடிதத்தை முழுதாகப் படித்தேன். கடைசி வரி: “இதன்பின் எங்களுக்கு எவ்விதப் புகாரும் இல்லை.”

கணேசன் சார்: அப்படி வா வழிக்கு!

பிரபா: கையெழுத்து வேண்டாம் அண்ணா. எழுத்தில் கேளுங்கள்: எத்தனை லிட்டர் கசிந்தது, மிதக்கும் எண்ணெயை யார் எடுப்பார்கள், கண்காணிப்புக் கிணறு எங்கெங்கே போடுவார்கள். பவுடர் இறக்கிய அதே போரில் தண்ணீர் எடுத்துச் சோதித்துக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அங்கே எப்போதும் நல்ல கணக்குத்தான் வரும். பவுடர் தீர்ந்து சில மாதம் கழித்தும் சோதிக்க வேண்டும். மண்ணிலும் வெடிப்பிலும் ஒட்டியிருக்கிற எண்ணெய் மறுபடி கரைந்து அளவு ஏறுவது இந்த வேலையில் சகஜம்.

மீனாட்சி அக்கா: நாமே சோதிக்க முடியாதா?

பிரபா: முடியும். சம்ப்பிலிருந்து எடுக்காதீர்கள், அதற்குள் பாதி ஆவியாகியிருக்கும். போர் குழாயிலிருந்து நேராக, 40 மில்லி கண்ணாடிக் குப்பியில், மூடிக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு குமிழிகூடத் தெரியாதபடி நிரப்பி ஐஸில் வைக்க வேண்டும். குப்பியை லேபிலேயே தருவார்கள். சனிக்கிழமை நானே வந்து எடுக்கிறேன். அதுவரை சமையலுக்குக் கேன் தண்ணீர்தான். ஆர்.ஓ. மெஷினை நம்ப வேண்டாம்.

கணேசன் சார்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கன்னடத்தில் மனு நான் எழுதுகிறேன். பிரபாம்மா, அந்த 24 கிலோ கணக்கைத் தனியாக அனுப்பு, அப்படியே சேர்த்துவிடுகிறேன்.

செல்வம்: கடிதத்தைக் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஆள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சரி, டேங்கர் நாளை காலை 7 மணிக்கு. வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று இங்கேயே போடுங்கள்.

ரஹீம் பாய்: எங்களுக்கு 1,000.

லதா: எங்களுக்கும். என்ன ஆயிற்று, போர் ரிப்பேரா?