டர்பன் தமிழர்களின் கோவெண்டர், மூட்லி: பெயரை வைத்துப் பூர்வீக ஊரைத் தேடலாமா?

வேர்தேடி:
தென்னாப்பிரிக்கத் தமிழர்களிடம் கோவெண்டர் என்ற குடும்பப்பெயர் நிறைய இருக்கிறது. கோவிந்தன்தான் அப்படித் திரிந்ததா? இந்தப் பெயரை வைத்துச் சொந்த ஊரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பழம்பதிவு:
கோவிந்தன் இல்லை, கவுண்டர். அங்கே பெயரைப் பதிந்தவர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார்கள். பிறகு வந்தவர்கள் அந்த எழுத்தைப் பார்த்து உச்சரித்தார்கள். முதலி மூட்லி ஆனது இப்படித்தான். நாயுடுவின் கடைசி உகரத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு ‘ஓ’ போடுவார்கள். முனிசாமி, மாரிமுத்து போன்ற ஆள்பெயர்களும் அங்கே குடும்பப்பெயராகிவிட்டன.

ஆனால் இவற்றில் ஊர் ஒளிந்திருக்காது. கவுண்டர், முதலி எல்லாம் பட்டப்பெயர்கள். அங்கே கப்பலில் போய் இறங்கிய பிறகு பட்டம் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. அதனால் பட்டத்தை வைத்துச் சாதியையும் முடிவு செய்யாதீர்கள்.

கப்பல்பட்டியல்:
தேட வேண்டியது பெயரை அல்ல, எண்ணை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நெட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை இருக்கும். குடும்பப்பெயர் என்று ஒரு கட்டமே கிடையாது. கோவெண்டர் என்று தேடி வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான். முதலில் வீட்டில் உள்ள பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளைப் பாருங்கள். பெரியவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் இருக்கும்.

வேர்தேடி:
எண் கிடைத்து, ஊர் ‘டிரிபட்டூர்’ என்று இருந்தால்?

கப்பல்பட்டியல்:
திருப்பத்தூர். ஆனால் எந்தத் திருப்பத்தூர்? ஜில்லா மதுரை என்றிருந்தால் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. ஜில்லாவைப் பார்க்காமல் ஊர்ப்பெயரை மட்டும் நம்பிப் போனால் முன்னூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். வேறு ஊர்களுக்கு ஜில்லா வடஆற்காடு என்றிருந்தால் இன்னும் கவனம்: 1911-இல் அதன் ஒரு பகுதி சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. அந்த ஊர் இப்போது ஆந்திராவில் இருக்கலாம்.

பழம்பதிவு:
இன்னொன்று. தகப்பனின் பெயரையே குடும்பப்பெயராகப் பதிந்த வீடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். அண்ணன் பட்டத்தையும் தம்பி தகப்பன் பெயரையும் பதிந்திருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கே பெயர் ஒத்துவராது. பெயர் வேறு என்பதற்காக ஒரு கிளையை வெட்டிவிடாதீர்கள். பெற்றோரின் எண் ஒன்றுதானா என்று பாருங்கள்.