வான்கூவர் முறையில் இலக்கங்கள் குழம்புகின்றன

கேள்வி (வெள்ளவத்தை): வணக்கம். மருத்துவ ஆய்விதழ் ஒன்றுக்கு வான்கூவர் முறையில் (உசாத்துணைகளுக்கு உரையில் வரும் வரிசைப்படி இலக்கமிடும் முறை) கட்டுரை அனுப்பவேண்டும். சொட்டேரோ என்ற உசாத்துணை மென்பொருளில்தான் உசாத்துணை போடுகிறேன். அட்டவணை 1இல் மட்டும் வரும் மூன்று கட்டுரைகளுக்குக் கடைசி இலக்கங்கள் விழுகின்றன. சரியா? நம்மவர் முதலெழுத்துகளையும் எப்படி எழுதுவது?

பதில் 1: சரியில்லை. அட்டவணை உரையில் முதலில் சுட்டப்படும் இடத்து வரிசைப்படியே அவற்றுக்கு இலக்கம் வரவேண்டும். உங்கள் அட்டவணை கோப்பின் கடைசியில் இருக்கும். சொட்டேரோ கோப்பில் இருக்கும் வரிசையைத்தான் எண்ணும். அட்டவணையை, அதை முதலில் சுட்டும் பந்திக்குக் கீழே நகர்த்தி ரிஃப்ரெஷ் செய்யுங்கள். திருத்தமெல்லாம் முடிந்தபின் கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் அன்லிங்க் சைட்டேஷன்ஸ் (உசாத்துணைகளைச் சொட்டேரோவிலிருந்து துண்டிக்கும் கட்டளை) கொடுத்து, அட்டவணையைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள். மூலக்கோப்பில் அதை அழுத்திவிடாதீர்கள், பிறகு இலக்கம் தானாக மாறாது.

பதில் 2: பெயர் விஷயம். பப்மெட் (மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தேடுதளம்) வழக்கில் முதலெழுத்து இரண்டுக்கு மேல் வராது, புள்ளியும் இல்லை. டபிள்யூ. ஏ. டி. பெரேரா என்பவர் ‘பெரேரா டபிள்யூஏ’ ஆவார். தமிழ்ப் பெயரில்தான் கவனம் வேண்டும்: சிவலிங்கம் கவிதா என்றால் சிவலிங்கம் தகப்பன் பெயர். அதைக் குடும்பப்பெயர் இடத்தில் போட்டால் ‘சிவலிங்கம் கே’ என்று தலைகீழாக விழும். அவர் தன் கட்டுரைகளில் எப்படி எழுதுகிறாரோ அதையே பின்பற்றுங்கள்.

பதில் 3: கூகுள் ஸ்கொலரில் இருந்து இறக்கிய பதிவுகளில் டிஓஐ (கட்டுரைக்கான நிலையான அடையாளக் குறி) பெரும்பாலும் இருக்காது. டிஓஐ அல்லது பப்மெட் இலக்கத்தைக் கொடுத்து மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.